பெட்ரோல் டேங்கில் ஒடுக்கு: பெயின்ட் போகாமல் எடுக்க வழி இருக்கிறதா?

பழைய வண்டி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா இருபது வருடம் ஓட்டிய வண்டி, அவருக்கு அப்புறம் என் கைக்கு வந்தது. டேங்கில் இருப்பது கம்பெனியில் அடித்த அதே பெயின்ட், பக்கவாட்டுக் கோடுகள்கூட அப்படியே இருக்கின்றன. போன வாரம் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தேன். மழையில் மண் இளகி ஸ்டாண்டு உள்ளே இறங்கிவிட்டது, வண்டி இடது பக்கம் சாய்ந்து ஹேண்டில்பார் தரையில் மோதித் திரும்ப, சுவிட்ச் பெட்டி நேராக டேங்கில் போய் இடித்திருக்கிறது.

ஒடுக்கு உள்ளங்கை அளவு. நீளம் 8 செ.மீ. இருக்கும், நடுவில் ஆழம் 1 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. முன் ஓரத்தில் மட்டும் நகத்தால் கீறியது போல 2 செ.மீ.க்கு ஒரு கூர்மையான மடிப்பு, அந்த இடத்தில் பெயின்டில் முடி அளவு விரிசல். மற்ற இடத்தில் பெயின்ட் உடையவில்லை. கசிவு இல்லை. காந்தம் ஒட்டுகிறது, ஆகவே இரும்புத் தகடுதான். கார்பரேட்டர் வண்டி, டேங்குக்குள் பம்ப் எதுவும் கிடையாது.

கேட்ட இடத்தில் எல்லாம் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். டிங்கரிங் செய்பவர், தகட்டில் சிறு ஊசிகளை வெல்டு வைத்து இழுத்து, பட்டி (குழியை நிரப்பும் பூச்சு) பார்த்து, டேங்க் முழுக்கப் புதிதாக அடித்துவிடலாம் என்கிறார். நண்பன் ஒருவன், மூடியையும் ஓட்டைகளையும் அடைத்து கம்ப்ரசர் காற்றை விட்டால் தானாக வெளியே வந்துவிடும் என்கிறான். இன்னொருவன் தீயால் சூடு காட்டி உடனே ஐஸ் வைக்கச் சொல்கிறான். எனக்கு அந்தப் பழைய பெயின்ட் போகக் கூடாது, அதுதான் முக்கியம். கொஞ்சம் தடம் தெரிந்தாலும் பரவாயில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி:

காற்று மட்டும் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதைச் செய்து ஒரு நல்ல டேங்கைக் கெடுத்தேன்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். டேங்கின் ஒரு பக்கம் தோராயமாக 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம் என்றால் 600 சதுர செ.மீ. வெறும் 5 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது சதுர செ.மீ.க்கு 350 கிராம் போல, அந்த ஒரு பக்கத்தை மட்டும் 200 கிலோவுக்கு மேல் தள்ளும். டயருக்கு அடிக்கும் 30 பி.எஸ்.ஐ.யை விட்டால் 1200 கிலோவைத் தாண்டும். இந்த விசை ஒடுக்கைத் தேடிப் போகாது, எங்கே தகடு தட்டையாகவும் பலவீனமாகவும் இருக்கிறதோ அங்கேதான் போகும். டேங்கின் அடியில் ஃபிரேம் உட்காரும் குழிவு இருக்கிறதே, என் டேங்கில் அதன் இரண்டு சுவர்களும் குழிவுக்குள் பிதுங்கிவிட்டன. மேலே ஒடுக்கு அப்படியே இருந்தது, வளைந்து உறுதியான இடம் ஆயிற்றே. டேங்க் மறுபடி ஃபிரேமில் உட்காரவே இல்லை.

தையல் போல வெல்டு ஓடும் விளிம்பு பிளந்தால் அடைபட்ட காற்று ஒரே நொடியில் வெளியே வரும், பக்கத்தில் நிற்பவர் கதி என்ன ஆகும் என்று யோசியுங்கள். தண்ணீர் நிரப்பி உறைய வைக்கச் சிலர் சொல்லும் யோசனையும் இதே கதைதான். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும், எல்லாப் பக்கமும் விரியும், முதலில் வாய் திறப்பது விளிம்பாக இருக்கும்.

தகடும் சுத்தியும்:

தம்பி, முப்பது வருடமாகத் தகட்டு வேலை பார்க்கிறேன். அவசரப்பட்டு டேங்கைக் கொடுத்துவிடாமல் கேட்டதற்குச் சந்தோஷம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெட்ரோல் ஆவி. வெறும் டேங்க் என்று யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. நிரம்பிய டேங்கில் ஆவிக்கும் காற்றுக்கும் இடமே இல்லை, காலி டேங்கில்தான் இரண்டும் கலந்து காத்திருக்கும். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். 15 லிட்டர் டேங்கில் அந்த அளவு வர, அடியில் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு மில்லி பெட்ரோல் போதும். ஆவி காற்றைவிடக் கனமானது, மூடியைத் திறந்து வைத்தால் பறந்துவிடும் என்று நினைக்காதீர்கள், கீழேயே தங்கும். அதனால் சூடு, வெல்டிங், கிரைண்டர் எதுவானாலும் டேங்கைக் கழுவிய பிறகுதான். தீயால் சூடு காட்டுவது எந்த நிலையிலும் கூடாது. கழுவிய டேங்காக இருந்தாலும் அந்தத் தீ நீங்கள் காப்பாற்ற நினைக்கும் பெயின்டைத்தான் முதலில் தின்னும்.

கழுவும் முறை: டேங்கை வண்டியிலிருந்து இறக்கி, பெட்ரோலை முழுக்க வடித்து, பெட்ரோலைத் திறந்து மூடும் ‘காக்’ குழாயையும் அளவு காட்டும் மிதவையையும் கழற்றிவிடுங்கள். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றி, ஓட்டைகளை அடைத்து நன்றாகக் குலுக்குங்கள், கொட்டுங்கள். மூன்று நான்கு முறையாவது இப்படி. அப்புறம் வாய் வரை தண்ணீர் நிரப்பி வழிய விடுங்கள், உள்ளே இருக்கும் ஆவியை அது வெளியே தள்ளும். கொட்டியதும் உடனே உள்ளே காற்று ஓடவிட்டு உலர்த்துங்கள், ஈரத்தோடு ஓர் இரவு விட்டாலே இளம் துரு பூத்துவிடும். இவ்வளவும் செய்த பிறகும் விளிம்பின் மடிப்புக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஒளிந்திருக்கும், மூக்கை வைத்துப் பார்த்து வாசனை வந்தால் மறுபடி கழுவுங்கள். இது பசை வைத்து இழுக்கும் வேலைக்கான கழுவல். வெல்டிங் என்றால் இது மட்டும் போதாது, ஆர்கான் போன்ற, தீப்பிடிக்க விடாத வாயுவை உள்ளே ஓடவிட்டுச் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். சைலன்சர் புகையை டேங்குக்குள் விட்டு வெல்டு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது, நம்பாதீர்கள்.

இப்போது ஒடுக்கு. பள்ளம் மட்டும்தான் ஒடுக்கு என்று நினைத்து எல்லோரும் நடுவைப் பிடித்து இழுக்கிறார்கள், அங்கேதான் வேலை கெடுகிறது. பள்ளத்தைச் சுற்றி வரப்பு மாதிரி ஒரு மேடு எழும்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மெல்லிய துணியை வைத்து அதன்மேல் உள்ளங்கையை ஓட்டினால் தெரியும். அல்லது டியூப் லைட்டின் வெளிச்சம் பெயின்டில் விழுகிற மாதிரி டேங்கைத் திருப்பி வைத்து அந்தக் கோடு எங்கே பிதுங்குகிறது, எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். அந்த மேடுதான் பள்ளத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. மேட்டை இறக்காமல் பள்ளத்தை மட்டும் இழுத்தால் நடுவில் தகடு நீண்டு கொப்புளம் மாதிரி நிற்கும், அப்புறம் அதை உள்ளே அனுப்ப முடியாது.

டேங்க் இடிபட்டபோது நடு முதலில் போனது, ஓரங்கள் கடைசியாகப் போயின. எடுக்கும்போது அதைத் திருப்பிப் போடுங்கள், ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வாருங்கள். ஒரு பக்கம் இழுவை, இன்னொரு பக்கம் மேட்டில் நைலான் முனை வைத்துச் சின்னச் சுத்தியால் மெதுவான தட்டு. ஒரே இழுப்பில் வரவேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

உங்கள் ஒடுக்கில் பெரும்பகுதி மென்மையான வளைவு, அது வந்துவிடும். அந்த 2 செ.மீ. மடிப்பில் தகடு நீண்டிருக்கிறது, அது முழுதாக வராது. இதை இப்போதே ஏற்றுக்கொண்டு தொடங்குங்கள்.

இரவுப்பணி:

பெரியவர் சொன்ன முறையில் பசை வைத்து இழுத்து என் டேங்கில் இரண்டு ஒடுக்குகளை எடுத்திருக்கிறேன், செய்முறையை மட்டும் சேர்க்கிறேன். பெயின்ட் போகாமல் செய்ய உங்களுக்கு உள்ள வழியும் இதுதான்.

ஒடுக்கு எடுக்க என்றே பசைக் குச்சிகள் கிடைக்கின்றன, கைவினை வேலைக்கு விற்கும் சாதாரணக் குச்சி பாதி நேரம் தகட்டை விட்டு வந்துவிடும். கூடவே தகட்டில் ஒட்டி இழுக்கும் காளான் வடிவப் பிளாஸ்டிக் துண்டுகள் (இழுவைக் காளான்கள்), இழுப்பதற்குப் பாலம் மாதிரி கால் வைத்து நிற்கும் கருவி அல்லது கம்பியில் எடையைச் சறுக்கவிட்டு வெடுக்கென்று இழுக்கும் சறுக்குச் சுத்தி. பாலக் கருவி மெதுவாக இழுக்கும், நம் கட்டுப்பாட்டில் இருக்கும். டேங்க் மாதிரி வளைவான இடத்தில் அதன் கால்கள் அழுந்திப் புது ஒடுக்கு விழாமல் கீழே கனமான ரப்பர் வையுங்கள்.

தகட்டையும் காளானையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், மெழுகு பாலிஷ் இருந்தால் எதுவும் ஒட்டாது. தகடு கைக்கு இதமான சூட்டில் இருக்க வேண்டும், ஹேர் டிரையர் போதும். அதையும் கழுவி உலர்த்திய டேங்கில்தான் செய்ய வேண்டும், அதன் கம்பி செந்தழலாகச் சுடும். பாதுகாப்புக்கு என்று டேங்கில் தண்ணீரை வைத்துக்கொண்டே இழுக்கலாமா என்று நான் முயன்றேன், தண்ணீர் தகட்டின் சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடுகிறது, பசை தொட்டவுடன் இறுகிப் பிடிக்காமல் போகிறது. பசையை வைத்துச் சில நிமிடம் ஆறவிட்டு, கல்லாக இறுகும் முன்பு இழுங்கள். வெளியே வந்ததும் மிச்சப் பசையின் ஓரத்தில் ஆல்கஹால் விட்டால் தானே கழன்றுகொள்ளும், நகத்தால் கிள்ளிப் பெயின்டைப் பிய்க்காதீர்கள்.

மூடியின் வாய் வழியாகக் கம்பி விட்டு உள்ளிருந்து தள்ளுவது இன்னொரு வழி. உங்கள் ஒடுக்கு முன்னால் இருப்பதால் எட்டலாம். 8 அல்லது 10 மி.மீ. இரும்புக் கம்பியை வளைத்து, முனையை நன்றாக உருட்டித் தேய்த்து, டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மூடியின் ரப்பர் உட்காரும் விளிம்பின் மேல் கம்பியை ஊன்றி நெம்பவே கூடாது, அது நசுங்கினால் அப்புறம் மழையெல்லாம் பெட்ரோலுக்குள்தான்.

ஹீட் கன்னால் சூடாக்கிச் சட்டென்று குளிர வைக்கும் வித்தை பற்றிக் கேட்டீர்கள். தகடு நீளாமல், மடிப்பில்லாமல், அகலமாகச் சும்மா உள்ளே பொத்தென்று போன ஒடுக்கில் சில சமயம் வரும். வளைந்த டேங்கில், அதுவும் மடிப்போடு, எனக்கு ஒரு முறையும் வரவில்லை.

பழைய வண்டி:

எல்லோருக்கும் மிக்க நன்றி, காற்று யோசனையை அப்படியே கைவிட்டேன். உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன், பெரியவர் சொன்ன வரப்பு நிஜமாகவே இருக்கிறது, பின் ஓரத்தில் நன்றாகவே தட்டுப்படுகிறது! இத்தனை நாளாக அதைக் கவனிக்கவே இல்லை.

இரண்டு சந்தேகம். பழைய பெயின்ட் ஆயிற்றே, பசையோடு சேர்ந்து பிய்ந்து வருமா? ஒருவேளை வந்துவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் வேலை செய்ய முடியுமா, அல்லது முழு டேங்கும் அடித்தே ஆக வேண்டுமா?

வண்ணக்கை:

பெயின்ட் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், என் தொழில் அதுதான்.

கம்பெனிப் பெயின்ட் சூட்டில் வெந்து தகட்டோடு இறுகியது, பொதுவாகப் பசைக்கு ஈடு கொடுக்கும். இடையில் யாராவது பட்டி வைத்து அடித்திருந்தால்தான் தட்டாகக் கழன்று வரும். சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி டேங்க் முழுக்க நகர்த்திப் பாருங்கள், எங்காவது பிடி தளர்ந்தால் அங்கே அடியில் பட்டி இருக்கிறது. உங்கள் வண்டியில் ஆபத்தான இடம் அந்த முடி விரிசல்தான், அதன்மேல் நேராகப் பசை வைக்காதீர்கள், இரு பக்கமும் வைத்து அதை இழுத்து வரச் செய்யுங்கள். அங்கே கொஞ்சம் உதிர்ந்தாலும் முழு டேங்கும் அடிக்க வேண்டியதில்லை. வெறும் தகடு தெரியும் இடத்தைத் துரு போகத் தேய்த்து, எபாக்சி பிரைமரை மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்து, அதன்மேல் நிறத்தைத் தொட்டு வையுங்கள். நிறம் முழுதாகப் பொருந்தாது. வெயிலில் இத்தனை வருடம் நின்ற நிறத்துக்கு, கம்பெனியின் நிற எண்ணைச் சொல்லி வாங்கும் புது நிறம் எப்போதும் கொஞ்சம் பளிச்சென்றுதான் இருக்கும், கண்ணால் பார்த்துக் கலக்கும் ஆளிடம் டேங்கையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பட்டி பற்றி ஒரு வார்த்தை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். பட்டி கெட்ட பொருள் அல்ல, ஒடுக்கை எடுக்காமல் அதன்மேல் அப்புவதுதான் கெட்ட வேலை. தகட்டைச் சரிசெய்த பிறகு மிஞ்சும் மில்லிமீட்டருக்குத்தான் பட்டி. 3 மி.மீ.க்கு மேல் போனால் டேங்கின் அதிர்வுக்கும் வெயிலில் ஏறி இறங்கும் சூட்டுக்கும் ஓரத்தில் விரிசல் விடும். பட்டியை இறுக வைக்கும் ஹார்டனர் அதன் எடையில் 2 சதவீதம் போல, சீக்கிரம் காய வேண்டும் என்று அதிகம் போட்டால் மேலே அடிக்கும் நிறத்தில் கறை எழும். அடியில் 80 உப்புத்தாளால் கரடாகத் தேய்த்த சுத்தமான பரப்பு வேண்டும். பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும், தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பட்டி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், சில மாதத்தில் அடியிலிருந்து கொப்புளம். நாங்கள் 80, 180, 320 என்று இறங்குவோம், சர்ஃபேசர் என்னும் அடிப்பூச்சு அடித்த பிறகுதான் 600, 800 தண்ணீர்த் தாள்.

நிறத்துக்கு மேல் கடைசியாக அடிக்கும் நிறமற்ற கிளியர், ஹார்டனர் கலக்கும் வகையாக இருக்கட்டும். சாதாரண ஸ்பிரே டப்பாக் கிளியர் பெட்ரோல் சிந்திய இடத்தில் இளகி ஒட்டும், டேங்கில் மூடிக்குப் பக்கத்தில் பெட்ரோல் சிந்தாமல் யார் ஓட்டுகிறார்கள்? ஆனால் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும், ஒரு முறை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுளுக்கும் ஆஸ்துமா மாதிரி தொடரும். துணி முகக்கவசம் அதற்கு ஒன்றுமே இல்லை. வெளியிலிருந்து காற்று வரும் கவசம் இல்லாவிட்டால் அந்த ஒரு படியை மட்டும் பெயின்ட் அடிக்கத் தனி அறை வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நெடுவழி:

ஒன்று விட்டுப்போயிற்று. சுவிட்ச் பெட்டி டேங்கில் இடித்திருக்கிறது என்றால் ஏன் இடித்தது என்று பாருங்கள். ஹேண்டில் முழுக்கத் திரும்பினாலும் டேங்கைத் தொடக் கூடாது, அதற்குத்தான் ஃபிரேமின் கழுத்தில் தடுப்பு இருக்கிறது. ஒன்று தடுப்பு வளைந்திருக்கும், அல்லது ஹேண்டில்பார் உள்பக்கம் மடங்கியிருக்கும், அல்லது சுவிட்ச் பெட்டி நகர்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் டேங்கை மாட்டினால் அடுத்த முறை வண்டியைத் தள்ளித் திருப்பும்போது அதே இடத்தில் இடிக்கும். வண்டி விழுந்ததால் ஃபோர்க் நேராக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பழைய வண்டி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், முடிந்துவிட்டது.

ஐந்து முறை கழுவினேன். நான்காவது முறைக்குப் பிறகும் லேசாக வாசனை வந்தது. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன், மொத்தம் நாற்பது இழுப்புக்கு மேல் இருக்கும். முதல் பத்து இழுப்பில் எதுவுமே மாறாத மாதிரி இருந்தது, மனசு விட்டுப்போயிற்று. அப்புறம் பின் ஓரத்து மேட்டை நைலான் முனையால் சுற்றிச் சுற்றித் தட்டிவிட்டு அதே இடத்தில் இழுத்தபோது, பள்ளத்தின் பாதி ஒரே மூச்சில் மேலே வந்தது. பெரியவர் பூட்டு என்று சொன்னது அப்போதுதான் புரிந்தது ஐயா. நடுவுக்கு வரும்போது அவசரத்தில் ஒரு முறை அதிகமாக இழுத்து, விரல் நுனி அளவு மேடு வந்துவிட்டது, அதையும் தட்டி இறக்க முடிந்தது.

மடிப்பு முழுதாக வரவில்லை. வெளிச்சம் சாய்வாக விழும்போது 2 செ.மீ.க்கு ஒரு கோடு தெரிகிறது, ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. விரிசல் இருந்த இடத்தில் சட்டைப் பொத்தான் அளவு பெயின்ட் உதிர்ந்தது, எபாக்சி பிரைமர் தொட்டு, மேலே நிறம் தொட்டு வைத்திருக்கிறேன். பட்டி வைக்கவில்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு ஒடுக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டார்.

டேங்கை மாட்டும் முன் தடுப்பைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது, ஃபோர்க்கும் நேர்தான். ஹேண்டில்பார்தான் இடது பக்கம் உள்ளே மடங்கியிருந்தது, மாற்றிவிட்டேன். இப்போது முழுக்கத் திருப்பினால் சுவிட்ச் பெட்டிக்கும் டேங்குக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது.

தகடும் சுத்தியும்:

நல்லது தம்பி. பெட்ரோல் ஊற்றிய பிறகு முதல் வாரம் காக்கின் அடியில் இருக்கும் சல்லடைக் கிண்ணத்தை ஒரு முறை கழற்றிப் பாருங்கள், கழுவியபோது கிளம்பிய துருவும் மிச்ச ஈரமும் அங்கேதான் வந்து சேரும். தொட்டு வைத்த இடத்தில் ஒரு மாதத்துக்குப் பாலிஷ் போட வேண்டாம்.